டப்பாவில் ஒரு குறையும் இல்லை

நார்ட்பி, மினசோட்டா
24 நவம்பர் 2013

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ அனுப்பிய பார்சல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அதை நானே தபால் ஆபீசில் தரம் பிரித்து, நானே வண்டியில் ஏற்றி, ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் நம் வீட்டு வாசலில் நானே இறக்கினேன். ஆபீசிலேயே பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் பட்டுவாடா ஆகாத தபாலைப் பிரிப்பது முறையில்லை, அது எனக்கே வந்ததாக இருந்தாலும்.

வண்டி எண்ணெய் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை விடுகிறது என்று அக்டோபரில் ஏதோ ஒரு வரி எழுதினேன். நீ அதைப் படித்த கையோடு மறந்திருப்பாய் என்று நினைத்தேன். நீயோ உன் கையால் கடைசல் பிடித்து, பற்றவைத்து, பாலிஷ் போட்டு ஒரு டப்பாவே செய்து அனுப்பியிருக்கிறாய். எதற்கடி இவ்வளவு மெனக்கெட்டாய்?

டேல் வந்து மாட்டிக் கொடுத்தான். அவனை உனக்குத் தெரியாது. நீ ஊரைவிட்டுப் போன பிறகு ஆபீசில் சேர்ந்தவன், ஏரிக்கு வடக்கே உள்ள ரூட் அவனுடையது. "ஆர்டிஸ், இது என்னத்துக்கு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். உன் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஓரமாகக் கசிகிற காற்று எண்ணெய்ப் புகையையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு மறுபடி எஞ்சினின் மூச்சிலேயே போய்ச் சேர்கிறது, நடுவில் இந்த டப்பாவை வைத்தால் எண்ணெய் இதில் தங்கிவிடும், காற்று மட்டும் போகும் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதைத்தான். "அட, எஞ்சினுக்கு மூக்கு சிந்துற கைக்குட்டை!" என்றான். நான் சிரிக்கவில்லை.

டப்பாவை ரேடியேட்டருக்கு முன்னால் காற்று படும்படி வைக்கச் சொல்லியிருந்தாய். அது எஞ்சின் சூடு போகாமல் இருக்க அட்டை கட்டுகிற இடம். குளிர்காலத்தில் வண்டி முகத்தில் அட்டை கட்டாத ஆள் இந்த ஊரில் உண்டா? நீ சொன்னாயே என்று அட்டையை ஒரு பக்கம் கிழித்து இடம் விட்டோம். பார்க்க வித்தியாசமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வர முடிந்தால் வா. முடியாவிட்டால் பரவாயில்லை, எங்களுக்காக அலைய வேண்டாம்.

அன்புடன்,
அம்மா


டூசான், அரிசோனா
3 டிசம்பர் 2013

அம்மா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். "வித்தியாசமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாயே, "அழகாக இருக்கிறது" என்று எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா? அந்த மூடிக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்தேன்.

இப்போது ஒரு காரியம் சொல்கிறேன், உட்கார்ந்து படி. நானும் ரமிரோவும் சேர்ந்து நடத்தும் இந்தக் கடை பந்தயக் கார்களை நம்பி ஓடுகிறது. பந்தயக்காரர்களை நம்பி வாழ்வது எவ்வளவு பெரிய பாடு என்று உனக்குத் தெரியாது. இன்றைக்குத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள், நாளைக்கு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். எனக்கு இது அலுத்துவிட்டது. குளிர் ஊர்களுக்கென்று இந்த டப்பாவைப் பெரிய அளவில் செய்து விற்கலாம் என்று நான்தான் சொன்னேன். உன்னைப் போல சொந்த வண்டியில், வலப்பக்க ஸ்டியரிங்கில் உட்கார்ந்து தபால் போடுகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். எல்லார் வண்டியும் எண்ணெய் குடிக்கிறது.

ரமிரோ தயங்கினான். "குளிரைப் பத்தி நமக்கு என்ன தெரியும், பிரிட்டா?" என்றான். "நான் குளிரில் பிறந்தவள், என் அம்மா அதிலேதான் வேலை செய்கிறாள்" என்றேன். ஜனவரி முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை, வார்ப்புப் பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கிறோம். கடையை ஈடு காட்டித்தான் கொடுக்க முடியும். கொடுத்த பிறகு பின்வாங்க முடியாது.

பாலைவனத்தில் இது பிரமாதமாக வேலை செய்கிறது. உங்கள் குளிரில் ஓடுகிற டப்பா உன் வண்டியில் இருப்பது ஒன்றுதான். அதனால் உள்ளதை உள்ளபடி எழுது, அம்மா. போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சரி வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்திலாவது பேசு.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

பிரிட்டா


நார்ட்பி
19 டிசம்பர் 2013

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

கோபம் என்ன கோபம். உன் வேலை உனக்கு. கிறிஸ்துமஸுக்கு உன் அறையில் கட்டில்மேல் லெஃப்ஸா ரொட்டிகளைப் பரப்பி ஆறவைத்துக்கொள்வேன், இடமும் வீணாகாது.

குளிர் வந்துவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. உன் அப்பா மீன்பிடிக் குடிசையை ஏரிப் பனிக்கட்டி மேல் இழுத்துக்கொண்டு போய்விட்டார். இனி மார்ச் வரைக்கும் அவருக்கு அதுதான் வீடு. நான் சாப்பாடு கொண்டுபோனால் "ம்" என்கிறார். கொண்டுபோகாவிட்டாலும் "ம்" என்கிறார்.

நீ கேட்டபடி தினமும் வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து பார்க்கிறேன். உள்ளே இருப்பது எண்ணெய் மாதிரி இல்லை, பால் ஊற்றிய காபியில் மாவைக் கரைத்த மாதிரி கொழகொழவென்று இருக்கிறது. இவ்வளவு சேர்கிறது என்றால் டப்பா நன்றாகத்தானே வேலை செய்கிறது? ராத்திரியில் அதைக் கழற்றிக்கொண்டு வந்து சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறேன். காலையில் கையில் எடுக்க இதமாக இருக்கிறது.

ஒருநாள் டோலெஃப்சன் வீட்டு அம்மாள் தபால் பெட்டியருகே நின்று, "உள்ள வந்து ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க ஆர்டிஸ்" என்றாள். வழக்கமாக மூன்று முறை வேண்டாம் என்பேன். அன்றைக்கு முதல் தடவையே சரி என்றுவிட்டேன். டப்பாவையும் உள்ளே எடுத்துப் போனேன். "அது என்ன கையில?" என்றாள். "பொண்ணு அனுப்பின பரிசு" என்றேன். "எங்க போனாலும் கொண்டுபோவீங்களா?" என்றாள். காபி நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆபீசில் கிறிஸ்துமஸ் காபிக்குக் கூடினபோது டேல் எல்லாருக்கும் முன்னால், "ஆர்டிஸ், அந்த டப்பா எப்படி இருக்கு?" என்று கேட்டான். "ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றேன். அவனுக்கும் ஒன்று வேண்டுமாம். நீயே அவனுக்கு எழுதிப் பேசிக்கொள். அவன் வண்டி என் வண்டியைவிட மோசமாகப் புகை விடுகிறது. பெண்டாட்டிக்கு ஏப்ரலில் குழந்தை பிறக்கப்போகிறது, பாவம்.

அன்புடன்,
அம்மா


டூசான்
29 டிசம்பர் 2013

அம்மா,

உன் கடிதத்தை ரமிரோவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரு குறையும் சொல்ல முடியாது" என்ற வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னான். டேலுக்கு அன்றைக்கே ஒரு டப்பாவை அனுப்பிவிட்டேன். இனி உங்கள் குளிரில் இரண்டு டப்பாக்கள் ஓடும்.

ஆனாலும் எனக்கு மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. கடையில் இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றுகிறது, வீட்டுக்கு வந்தால் கடைக்கு ஓடலாம் என்று தோன்றுகிறது. நேற்று ஒரு வாடிக்கையாளரின் எஞ்சினைப் பூட்டிவிட்டு, ஏதோ விட்டுப்போயிற்று என்று மறுபடி பிரித்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

உன் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. எதற்கு டப்பாவை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகிறாய்? அடியில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திறந்தால் உள்ளே உள்ளது ஒழுகிவிடும். கழற்றவே தேவையில்லை. திருகு திறக்கவில்லையா? உள்ளே இருப்பது உறைந்துவிடுகிறதா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. அது உறைந்தால் எஞ்சின் மூச்சு விட முடியாது, அம்மா. உள்ளே அழுத்தம் ஏறி எங்கேயாவது பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் கேட்கிறேன்.

புத்தாண்டு வாழ்த்துகள். அப்பாவுக்கு என் "ம்".

பிரிட்டா


நார்ட்பி
9 ஜனவரி 2014

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் லெஃப்ஸா நன்றாக வந்தது, போன வருஷத்தைவிட மெல்லிசு. சர்ச்சில் சூட்டுக் குழாய் வெடித்து, பாதிரியார் மேல்கோட்டோடு பிரசங்கம் செய்தார், அதனால் சீக்கிரம் முடித்தார், எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா பெரிய வால்ஐ மீன் ஒன்று பிடித்தார். அவர் சொல்லவில்லை, பக்கத்துக் குடிசைக்காரர் சொன்னார்.

டேலைப் பற்றி நீ வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை மொத்த மாநிலத்துக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டார்கள், அவ்வளவு குளிர். தபாலுக்கு ஏது விடுமுறை. நான் ரூட்டை முடித்து ஆபீசுக்கு வந்தபோது டேல் திரும்பியிருக்கவில்லை. கொஞ்சம் பார்த்தேன், பிறகு மனசு கேட்காமல் அவன் ரூட்டில் வண்டியை விட்டேன்.

அவன் வண்டி ரோட்டோரம் நின்றது. அது வந்த வழியெல்லாம் பனிமேல் கறுப்பாக எண்ணெய்க் கோடு. வண்டிக்குள் ஆள் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. இன்னும் முன்னே போய்ப் பார்த்தால், குழந்தைகள் சறுக்கி விளையாடுகிற பலகையில் தபால் தொட்டியை வைத்துக் கயிற்றால் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகத் தபால் போட்டுக்கொண்டு போகிறான்!

"டேல், என்ன பண்றே நீ?"

"எஞ்சின் போயிடுச்சு ஆர்டிஸ். எண்ணெய் இல்லன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் வீடுதானே பாக்கி, முடிச்சிட்டுப் பாக்கலாம்னு ஓட்டினேன். ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"பலகை ஏது?"

"அந்த வீட்டு வாசல்ல கெடந்துச்சு. திருப்பி வெச்சிடுவேன்."

"பலகை எடுத்தவன் கதவைத் தட்டி உதவி கேக்க வேண்டியதுதானே!"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. எதுக்கு தொந்தரவுன்னுதான்..."

அவனை வண்டிக்குள் இழுத்துப் போட்டேன். விரல் நுனிகள் வெள்ளை மெழுகாக இருந்தன. "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மீதித் தபாலை இருவரும் சேர்ந்து போட்டு முடித்தோம். இரண்டு விரல்களில் தோல் உரிகிறது, மற்றபடி பிழைத்தான். பின்பக்க ஆயில் சீல் பிய்த்துக்கொண்டு எண்ணெயெல்லாம் கொட்டி, எஞ்சின் இறுகிவிட்டது என்று ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள். வண்டி இல்லாதவனுக்கு ரூட் இல்லை என்பதால் அப்பாவின் பழைய பிக்அப்பைக் கொடுத்திருக்கிறேன். அதில் ஸ்டியரிங் இடப்பக்கம், தபால் பெட்டிகளோ ரோட்டின் வலப்பக்கம். நடுவில் உட்கார்ந்து இடது காலால் பெடலை மிதித்து, வலது கையை அந்தப் பக்க ஜன்னல் வழியாக நீட்டித் தபால் போடுகிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

டேல் தினமும் டப்பாவைக் காலி செய்யவில்லை என்று நினைக்கிறேன். உன் டப்பாவில் ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
அம்மா


டூசான்
23 ஜனவரி 2014

அம்மா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் டேலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தினமும் காலி செய்யச் சொல்லித் தாளில் அச்சடித்தே அனுப்பினேனே, படிக்கத் தெரியாதா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ எழுதினேன், உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவனிடமிருந்து பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கிறான். "உங்கள் டப்பாவை நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, தினமும் இருமுறை காலி செய்தும் எங்கோ தவறு செய்துவிட்டேன், உங்களுக்கு வீண் கவலை கொடுத்ததற்கு வருந்துகிறேன்" என்று எழுதியிருக்கிறான். கூடவே ஒரு பாட்டில் ஊறவைத்த மீன். அவன் பெண்டாட்டி போட்டதாம்.

தினமும் இருமுறை காலி செய்திருக்கிறான், அம்மா!

எஞ்சினைப் பறிகொடுத்து, விரலில் தோல் உரிந்து, பக்கத்து சீட்டுக்குச் சாய்ந்து தபால் போடுகிற ஒரு மனுஷன், அந்த டப்பாவைச் செய்தவளிடம் மன்னிப்புக் கேட்டு மீன் அனுப்புகிறான். கடைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரமிரோ பயந்து தண்ணீர் கொண்டுவந்தான். "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்றான். "இல்ல, மீன் வந்திருக்கு" என்றேன். அவனுக்கு எப்படிப் புரியும்?

எனக்குப் புரிகிறது. நான் அந்த ஊரில் பிறந்தவள். வெந்தும் வேகாத கறியை "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிச் சொல்லித் தின்கிற ஆட்கள் நடுவே வளர்ந்தவள். பத்துப் பதினோரு வருஷம் தெற்கே இருந்ததில், உங்கள் வாயிலிருந்து வருவதை அப்படியே நம்புகிற கெட்ட பழக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு நீ லெஃப்ஸாவைப் பற்றி எழுதினாய். படித்தவுடனே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள நான்தான் விரும்பவில்லையோ என்னவோ.

இப்போது நேராகக் கேட்கிறேன். அந்த டப்பா நல்லதா, கெட்டதா? முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறைக்காரர் கையெழுத்து வாங்க வருகிறார். ரமிரோ உன் வார்த்தையை நம்பித் தன் பங்கையும் இதில் வைக்கிறான். உன் கடிதம் "பரவாயில்லை" என்று வந்தால் கையெழுத்துப் போடுவேன். கடிதமே வராவிட்டாலும் போடுவேன், வேறு காரணம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரே ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, எதையாவது மோசம் என்று சொல்.

பிரிட்டா


நார்ட்பி
28 ஜனவரி 2014

பிரிட்டா,

உன் கடிதம் நேற்று வந்தது. ரூட்டில் போகும்போதே வண்டியை நிறுத்திப் பிரித்துப் படித்தேன். பட்டுவாடாவுக்கு முன்னால் பிரித்ததற்கு என்னை வேலையை விட்டு நீக்கினாலும் சரி.

டப்பா மோசம்.

அது உறைகிறது. முதல் குளிர் நாளிலேயே உறைந்தது. என் வண்டி ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு ஊர்ந்து ஊர்ந்து போகிறது, நாள் முழுக்க ஜன்னல் திறந்திருக்கிறது, எஞ்சின் ஒருநாளும் முழுச் சூடு ஏறுவதில்லை. உள்ளே கிளம்புகிற ஆவியெல்லாம் உன் டப்பாவில் வந்து தண்ணீராகிக் கட்டியாகிவிடுகிறது. அடியில் உள்ள திருகை எந்தக் கையாலும் திறக்க முடியாது, அதுவே பனிக்குள் இருக்கிறது. அதனால்தான் அதை மடியில் கட்டிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன். டோலெஃப்சன் வீட்டுக்கு நான் காபி குடிக்கவா போனேன்? எண்ணெய் பார்க்கிற கம்பி தானாகவே எகிறி வெளியே வந்து, எஞ்சின் மேலெல்லாம் எண்ணெய் தெறித்துப் புகைந்துகொண்டிருந்தது. அவள் வீட்டு அடுப்பில் டப்பாவை இளக்கினேன்.

மறுநாளே அதைக் கழற்றிவிட்டுப் பழைய ஹோஸை மாட்டிக்கொண்டேன். டப்பா சமையலறை அலமாரியில் இருக்கிறது. வண்டி பழையபடி எண்ணெய் குடிக்கிறது, பழையபடி ஓடுகிறது. உனக்கு "ஒரு குறையும் இல்லை" என்று எழுதியபோது அது அலமாரியில்தான் இருந்தது.

டேல் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிற இடத்தில், பெற்ற மகள் செய்ததை மட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரோட்டில் ஆளில்லாத அவன் வண்டியைப் பார்த்தேனே, அந்த நிமிஷத்தை இன்னும் மறக்கவில்லை. அப்போதும் உனக்கு எழுத உட்கார்ந்து பழியை அவன்மேல் போட்டேன். அவனிடம் நேற்றே போய் எல்லாவற்றையும் சொன்னேன். "பரவால்ல ஆர்டிஸ்" என்றான். "பரவால்லன்னு சொன்னா அறைவேன்" என்றேன். பிறகு கொஞ்ச நேரம் நன்றாகத் திட்டினான். அவனுக்கும் முகம் தெளிந்தது.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். நீ இத்தனை வருஷம் அனுப்பியதெல்லாம் கடையில் வாங்கியது. இது ஒன்றுதான் நீயே செய்தது. வந்த நாளில் அந்த மூடியைத் திருகித் திருகிப் பார்த்தேன், எவ்வளவு வழவழப்பு! இது சரியில்லை என்று எழுதினால் இனிமேல் எதுவும் செய்து அனுப்ப மாட்டாய் என்று பயந்தேன்.

கையெழுத்துப் போடாதே.

அம்மா

29-ந் தேதி. நேற்று வீசிய பனிக்காற்றில் தெற்கே போகிற ரோட்டை மூடிவிட்டார்கள். தபால் லாரி வரவில்லை. இன்றைக்கும் வராது என்கிறார்கள். இத்தனை வருஷ வேலையில் ஒரு கடிதம் நேரத்துக்குப் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதுதான் முதல் தடவை. உன் கடை நம்பர் பார்சல் அட்டையில் இருக்கிறது. போனை எடுக்கப் போகிறேன்.


டூசான்
4 பிப்ரவரி 2014

அம்மா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்குப் போனை எடுத்தது ரமிரோ. "உங்க அம்மா. அழுவுறாங்களா, கோவமா இருக்காங்களா, எனக்குத் தெரியல" என்று நீட்டினான். நான் ஹலோ சொல்வதற்குள், "அது நல்லாயில்ல பிரிட்டா, கொஞ்சங்கூட நல்லாயில்ல" என்று கத்தினாய். கடைக்குள் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. நீ கத்தி நான் கேட்டதே இல்லை. வழக்கம்போலச் சட்டென்று வைத்தும் விட்டாய்.

கையெழுத்துப் போடவில்லை. ரமிரோ தப்பித்தோம் என்று சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். மறுநாள் வந்து, "உன் ஊர நீயே சரியா தெரிஞ்சு வெச்சுக்கல, அத நம்பி என்னையும் இழுத்திருக்க" என்றான். அவன் கடையை எடுத்துக்கொள்கிறான். நான் என் கருவிகளை எடுத்துக்கொள்கிறேன். சண்டை இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டேலுக்கு ஒரு பழைய எஞ்சின் பார்த்து வைத்திருக்கிறேன், அதை நானே பூட்டிக் கொடுக்க வேண்டும். அது என் கடமை, அவன் மூன்று முறை வேண்டாம் என்பான், நீ காதில் போட்டுக்கொள்ளாதே. டப்பா விஷயத்திலும் மனசு அடங்க மாட்டேன் என்கிறது. எஞ்சினின் சுடுதண்ணீரை டப்பாவைச் சுற்றி ஓடவிட்டால் உறையாது என்று முதலில் நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு, உன் வண்டியில் அந்தத் தண்ணீரே சூடாகாதே என்று உறைக்கிறது. இந்த வெயிலில் உட்கார்ந்துகொண்டு அதை யோசிக்கவே முடியாது. அந்தக் குளிரில் அந்த வண்டிக்குள் இருந்து பார்க்க வேண்டும்.

அதனால் கேட்கிறேன். கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கலாமா? நம் கராஜில் ஒரு ஓரம் கிடைத்தால் போதும். உங்களுக்குச் சிரமம் என்றால் வேண்டாம். ஒர்க்ஷாப்பில் கேட்டு அங்கேயே எங்காவது தங்கிக்கொள்வேன். வெயில் காலத்தில் வரச் சொன்னாலும் சரி. உன் இஷ்டம்.

பிரிட்டா


நார்ட்பி
10 பிப்ரவரி 2014

பிரிட்டா,

சிரமமா என்று கேட்டாயே, சொல்கிறேன் கேள்.

கராஜில் ஓரம் என்று ஒன்று இல்லை. பாதியை அப்பாவின் படகு அடைத்துக்கொண்டிருக்கிறது, மீதியில் டேலின் செத்த வண்டி நிற்கிறது. சூட்டு அடுப்பு நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். உன் அறையில் மெத்தை இல்லை, அதை சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன், உன்னிடம் கேட்கவில்லை. நீ காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் யாரோடும் பேசமாட்டாய், எனக்கு அது பிடிக்காது, சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. எண்ணெய்க் கையோடு ஃபிரிட்ஜைத் திறப்பாய். நீ வந்தால் அப்பா ஏரியைவிட்டு வீட்டுக்கு வருவார், இரண்டு பேருக்கும் சேர்த்து நான் சமைக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி, இதுவரை உனக்கு எழுதியதில்லை, நல்ல வலி. கிறிஸ்துமஸுக்கு நீ வராதது எனக்குக் கோபம்தான். போன கிறிஸ்துமஸுக்கும், அதற்கு முந்தியதற்கும்.

வெயில் காலத்தில் வராதே. இப்போது இன்னும் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கிறது. என்னோடு வண்டியில் ஏறி, இடப்பக்கம் உட்கார்ந்து, அந்த எஞ்சின் என்ன பாடு படுகிறது என்று உன் கண்ணால் பார்.

சிரமம்தான். வா.

அம்மா